கறுப்புத் துணிக்குள் ஒரு கலிஃபோர்னியா

பழைய போட்டோ ஸ்டுடியோ பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு மரப்பெட்டி. அதன் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு குனிந்து நிற்பார். ‘ஆடாம இருங்க’ என்று துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். பல வீடுகளில் கூடத்துச் சுவரில் தொங்கும் தாத்தா பாட்டி படம் அப்படி எடுத்ததுதான்.

அந்தப் பெட்டி எப்போதோ காலமாகிவிட்டது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. இன்றும் உலகம் முழுக்க அதை முதுகில் சுமந்துகொண்டு மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது போய்வர வேண்டிய தலம் போல ஒரு நிலப்பகுதி இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரம், யோசெமிட்டி பள்ளத்தாக்கு, கார்மல் கடற்கரை ஆகிய மூன்றையும் இணைத்து வரைந்தால் வரும் முக்கோணம்தான் அது. காரில் 4 நாள் இருந்தால் நிதானமாகச் சுற்றி வரலாம்.

போவதற்கு முன் கேமராவைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு ‘லார்ஜ் ஃபார்மட்’ என்று பெயர். இதில் ஃபிலிம் ரோல் கிடையாது. தாள் தாளாக இருக்கும். ஒரு தாளுக்கு ஒரு படம். தாளின் அளவு 4க்கு 5 அங்குலம், அல்லது 8க்கு 10 அங்குலம். ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படத்தோடு ஒப்பிட்டால், 8க்கு 10 தாளின் பரப்பு ஏறக்குறைய 60 மடங்கு. கருங்கல்லின் ஒவ்வொரு பொரியும், மரப்பட்டையின் ஒவ்வொரு கீறலும் அதில் பதிந்துவிடும்.

கேமராவின் பின்பக்கத்தில் சொரசொரப்பான ஒரு கண்ணாடி இருக்கும். எதிரே இருக்கும் மலை அதில் தலைகீழாக, இடம் வலம் மாறித் தெரியும். வெளிச்சம் பட்டால் அதுவும் தெரியாது. கறுப்புத் துணி அதற்காகத்தான். லென்ஸைச் சரிசெய்து, வெளிச்சத்தை அளந்து, ஃபிலிம் சட்டத்தைச் செருகி, அதன் மூடியை உருவி, ஷட்டரைத் திறந்து மூடுவதற்குள் கால்மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் மேகம் நகர்ந்துவிட்டால் அவ்வளவுதான். ஒரு சட்டத்தில் 2 தாள்தான் வைக்க முடியும். பத்து சட்டம் சுமந்தால் 20 படம். செல்போனில் ஒரு குழந்தை காலை டிபனுக்குள் எடுத்து முடித்துவிடும் எண்ணிக்கை அது.

பெரிய கேமரா தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றினார். அவர் கொண்டுபோனது ஏறக்குறைய 12க்கு 15 அங்குலக் காகித நெகட்டிவ்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்த வெயிலில், அந்தக் காலத்துச் சாலையில் அதை எப்படிச் செய்தார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இப்போது பயணம் கலிஃபோர்னியாவுக்கு.

முதல் நிறுத்தம் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இருக்கும் டி யங் அருங்காட்சியகம். இன்று நிற்கும் செம்பு போர்த்திய கட்டடம் 2005இல் திறந்தது. 1989 பூகம்பத்தில் சேதமான பழைய கட்டடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது. 1932 நவம்பர் 15 அன்று அங்கே ஒரு கண்காட்சி. 11 பேர், 80 படங்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘குரூப் எஃப் 64’.

எஃப் 64 என்பது லென்ஸ் துவாரத்தை மிகச் சிறிதாக்கும்போது வரும் எண். துவாரம் சிறிதாக ஆக, காலடிப் புல்லும் தொலைதூரச் சிகரமும் ஒரே கூர்மையில் பதியும். அந்தக் காலத்தில் புகைப்படம் என்றால் ஓவியம் போல மங்கலாக, பனிமூட்டம் போல இருந்தால்தான் கலை என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. ‘எதற்கு ஓவியத்தைக் காப்பி அடிக்க வேண்டும்? கேமராவுக்கு எது நன்றாக வருமோ அதைச் செய்வோம்’ என்பது இவர்களுடைய கட்சி. பெயரிலேயே சண்டையை வைத்துவிட்டார்கள்.

இந்தப் 11 பேரும் பெரிய ஆட்களாகக் கூடவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். எட்வர்ட் வெஸ்டன் ஒருவருக்குத்தான் அப்போது நல்ல பெயர். அவருடைய படங்களுக்கு விலை 15 டாலர். மற்ற எல்லோருக்கும் 10 டாலர். அந்த 10 டாலர் பட்டியலில் 30 வயதான ஆன்செல் ஆடம்ஸும் இருந்தார். வெஸ்டனின் மகன் பிரெட்டுக்கு இன்னும் 21 முடியவில்லை. நான்கு பேர் பெண்கள். அவர்களில் இமோஜென் கன்னிங்ஹாம் மூன்று ஆண் குழந்தைகளை வளர்த்தவர். அதில் இரண்டு பேர் இரட்டையர். குழந்தைகளை விட்டுவிட்டு வெளியே போக முடியாத வருடங்களில் வீட்டுத் தோட்டத்துச் செடிகளின் பக்கம் கேமராவைத் திருப்பினார். 1925இல் அவர் எடுத்த மக்னோலியா பூவின் படம் இன்று புகைப்பட வரலாற்றில் இருக்கிறது.

வளைகுடாவின் எதிர்க்கரையில் ஓக்லண்டில் வில்லர்ட் வான் டைக் என்ற இளைஞர் நடத்திய சிறிய கேலரிதான் இவர்கள் கூடும் இடம். படங்களைப் பரப்பி வைத்துப் பார்ப்பார்கள், விவாதிப்பார்கள். சில வருடங்களிலேயே குழு கலைந்துவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் கலையவில்லை.

கலையவும் முடியாது. துணிக்குள் தலையை விட்டிருக்கும் ஆளைப் பார்த்தால் உலகத்திலேயே தனிமையான வேலை இதுதான் என்று தோன்றும். ஆனால் தனி ஆளால் செய்ய முடியாத வேலை இது. நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இன்னொரு பெரிய கேமரா இல்லாத ஊரில் ஒருவர் இருப்பார். கேமராவின் துருத்தியில் ஊசித் துளை விழுந்து வெளிச்சம் ஒழுகினால் அவர் யாரிடம் கேட்பார்? எடுத்த படம் சுமாரா, அருமையா என்று யார் சொல்வது? அன்று ஓக்லண்டின் அறை செய்ததை இன்று இணையம் செய்கிறது. முன்பின் பார்த்திராத ஆட்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்கிறார்கள். திரையில் பார்த்தது போதாது என்று, கையால் போட்ட பிரிண்ட்டைத் தபாலில் அனுப்பி மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு.

ஃபிலிம் கிடைப்பதே கூட்டத்தைப் பொறுத்துத்தான். 7க்கு 17, 12க்கு 20 அங்குலம் என்ற விசித்திர அளவுத் தாள்களைக் கடையில் அடுக்கி வைத்து விற்க முடியாது. இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை உலகெங்கும் ஆர்டர்களைச் சேர்த்து, அவற்றுக்காக மட்டும் தாளை வெட்டிக் கொடுக்கிறது. நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது ஆளுக்கும் கிடைக்கும் என்ற கணக்கு.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்கே 4 மணி நேரம் போனால் யோசெமிட்டி. 1916இல் 14 வயது ஆன்செல் அப்பா அம்மாவுடன் முதன்முதலாக இங்கே வந்தான். கையில் அவர்கள் வாங்கிக் கொடுத்த கோடாக் பெட்டிக் கேமரா. அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒரு வருடமும் தவறாமல் வந்துகொண்டிருந்தான்.

ஆன்செல் உண்மையில் பியானோ கலைஞனாக ஆசைப்பட்டவன். பள்ளத்தாக்கில் ஹாரி பெஸ்ட் என்ற ஓவியர் 1902இல் தொடங்கிய சிறு கடையில் ஒரு பியானோ இருந்தது. சாதகம் பண்ணப் போன இடத்தில் ஓவியரின் மகள் வர்ஜீனியாவைச் சந்தித்தான். 1928இல் அந்தக் கடையிலேயே கல்யாணம். அந்தக் கடைதான் இன்று ‘ஆன்செல் ஆடம்ஸ் கேலரி’ என்ற பெயரில் அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. குடும்பத்தார்தான் நடத்துகிறார்கள். புகைப்படப் பயிற்சி முகாம்களும், கேமராவோடு கூட்டமாக நடந்து பழகும் நிகழ்ச்சிகளும் உண்டு. புதிதாக வருகிற ஆளுக்கு முதல் துணை கிடைக்கிற இடம்.

கல்யாணத்துக்கு முந்தைய வருடம், 1927 ஏப்ரல் 10. ஆன்செல், வர்ஜீனியா, இன்னும் சில நண்பர்கள். பனி இன்னும் உருகாத மலையில், ஹாஃப் டோம் என்ற பிரம்மாண்டப் பாறையின் முகத்துக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடத்துக்கு ஏறினார்கள். அன்று அவர் சுமந்தது கண்ணாடித் தகடுகள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு. முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த பிறகுதான் உறைத்தது: தன் கண் முன்னால் நிற்கும் பாறையின் மிரட்டல் இதில் வராது, வானம் வெளிறிப்போய்த்தான் விழும். கடைசித் தகட்டுக்குச் சிவப்பு ஃபில்டரைப் போட்டார். வானம் ஏறக்குறையக் கறுப்பாகி, பாறை தனியாக எழுந்து நின்றது. படம் எடுப்பதற்கு முன்பே முடிந்த படத்தை மனதில் பார்ப்பது என்ற வித்தை தனக்கு வசப்பட்டது அன்றுதான் என்று அவர் பின்னாளில் சொல்லிவந்தார்.

அவ்வளவு ஏற முடியாதவர்களுக்கு டனல் வியூ இருக்கிறது. காரை நிறுத்தி இறங்கினால் போதும். எல் கேப்பிடன் பாறை, பிரைடல்வெயில் அருவி, தூரத்தில் ஹாஃப் டோம் மூன்றும் ஒரே பார்வையில். புயல் விலகும் தருணத்தை ஆடம்ஸ் எடுத்த புகழ்பெற்ற படம் இங்கே எடுத்ததுதான். இப்போது எந்நேரமும் திருவிழாக் கூட்டம். அதே படத்தை எடுக்க வேண்டும் என்பவர்கள் குளிர்காலத்தில் புயல் ஓய்ந்த காலையில் வர வேண்டும். கார் சக்கரத்துக்குச் சங்கிலி அவசியம். இங்கிருந்து மேலே ஒரு நடைபாதை ‘இன்ஸ்பிரேஷன் பாயின்ட்’ என்ற இடத்துக்கு ஏறுகிறது. பெயரை நம்பி மூச்சு வாங்க ஏறிப் போனால், மரங்கள் வளர்ந்து காட்சியை மறைத்திருக்கும். உத்வேகம் கீழே கார் நிறுத்துமிடத்தில்தான்!

1937 கோடையில் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டனையும் அவருடைய துணைவி கேரிஸ் வில்சனையும் உயர்ந்த மலை ஏரிகளுக்கு அழைத்துப் போனார். கொசுக்கடியோடு படம் எடுத்துவிட்டு இரவு பள்ளத்தாக்குக்குத் திரும்பினால், ஆடம்ஸின் டார்க் ரூம் எரிந்துகொண்டிருந்தது. பல வருட நெகட்டிவ்கள் உள்ளே. விருந்தாளியாக வந்தவர்கள் களைப்பை மறந்து கூடவே நின்றார்கள். கருகியதும் நனைந்ததுமாகக் கிடைத்தவற்றைப் பொறுக்கி, அலசி, காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றினார்கள். போனது போனதுதான். ஒரு தாளுக்கு ஒரு படம் என்ற தொழிலில் நெருப்பு என்றால் என்ன என்று அந்த மூன்று பேருக்கும் அன்று இரவு தெரிந்தது. இந்த நெருப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கார்மலில் இன்னொன்று வரும்.

யோசெமிட்டியிலிருந்து கார்மலுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம். மலை இறங்கி, பாதாம் தோப்புகளும் வெட்டவெளியுமான மத்தியப் பள்ளத்தாக்கைக் கடந்து, பச்சேகோ கணவாய் ஏறி இறங்கினால் காற்றில் உப்பு வாசனை. கார்மல் சின்ன ஊர். வெஸ்டன் 1929இல் இங்கே வந்து குடியேறினார். ஆடம்ஸும் 1962 முதல் இதன் தெற்கே குன்றின் மேல் வீடு கட்டி வாழ்ந்தார். ஊரின் நடுவே சன்செட் சென்டரில் புகைப்படக் கலைக்கென்று ஒரு மையம் இருக்கிறது. 1967இல் ஆடம்ஸும் நண்பர்களும் ஒரு புகைப்பட அமைப்பைத் தொடங்கிய அதே இடம்தான்.

வெஸ்டனின் மிகப் பிரபலமான படம் மலையும் இல்லை, கடலும் இல்லை; ஒரு குடைமிளகாய். 1930இல் எடுத்தது. எங்கே வைத்தாலும் சரியாக வராமல், கடைசியில் ஒரு தகரப் புனலுக்குள் உட்கார வைத்தார். குனிந்து நிற்கும் மனித முதுகு போல முறுக்கிக்கொண்டிருக்கும் அந்தக் காய். படம் எடுத்து முடிந்ததும் தன் மாடல்களைச் சாப்பிட்டுவிடுவார் என்பது அவரே எழுதி வைத்த செய்தி. கைச்செலவுக்குத் திண்டாடிய குடும்பத்தில் காய் வீணாகக் கூடாதே!

1938இல் மகன் நீல், கார்மலின் தெற்கே மேட்டில் அப்பாவுக்கு ஓர் எளிய மரவீடு கட்டிக் கொடுத்தார். ஏகப்பட்ட பூனைகள் வளர்ந்த அந்த வீட்டுக்கு ‘வைல்ட்கேட் ஹில்’ என்று பெயர். அங்கிருந்த இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் கருவி கிடையாது. 8க்கு 10 நெகட்டிவ்வை அதே அளவு காகிதத்தின் மேல் வைத்து, மேலே தொங்கும் ஒற்றை பல்பைப் போட்டு அணைப்பார். சில தட்டுகள், கொஞ்சம் மருந்துத் தண்ணீர். உலகம் மெச்சிய பிரிண்ட்டுகள் அப்படி வந்தவை. வீடு இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பேரன் கிம் வெஸ்டனும் புகைப்படக்காரர். அங்கேயே பயிற்சி முகாம் நடத்துகிறார். தனியார் வீடு என்பதால் நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட முடியாது.

1940களில் வெஸ்டனின் கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய். துளி அசைவும் கூடாத தொழிலில் இருப்பவருக்கு வந்த நோயைப் பாருங்கள். 1948க்குப் பிறகு அவர் படமே எடுக்கவில்லை. வீடு நிறைய நெகட்டிவ்கள்; ஆனால் பிரிண்ட் போடக் கை இல்லை. அப்போது பிள்ளைகள் வந்து நின்றார்கள். 1950களில், அப்பா உட்கார்ந்து தேர்ந்தெடுக்க, பிரெட் இருட்டறைக்குள் போனார். 800க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களுக்குப் பிரிண்ட் போட்டார். ஒவ்வொன்றையும் அப்பா பார்த்துத் தலையசைக்க வேண்டும். 1958 ஜனவரி 1 அன்று வெஸ்டன் அதே வீட்டில் இறந்தார். அதன் பிறகும் பல வருடங்கள் இன்னொரு மகன் கோல், அப்பாவின் நெகட்டிவ்களிலிருந்து பிரிண்ட் போட்டுவந்தார்.

அப்பாவுக்காக அத்தனை செய்த பிரெட், தன் விஷயத்தில் நேர் எதிராக முடிவெடுத்தார். தன் படத்துக்குத் தன் கைதான் பிரிண்ட் போட வேண்டும். வேறு யார் போட்டாலும் அது தன் படம் இல்லை என்பது அவருடைய பிடிவாதம். இதை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1991 டிசம்பரில், தன் 80ஆவது பிறந்தநாளில், நெகட்டிவ்களை எடுத்து வீட்டுக் கணப்பில் போட்டு எரித்தார். யோசெமிட்டியில் ஒரு நெருப்பை அணைக்க எல்லோரும் ஓடினார்கள். இது அவரே மூட்டியது.

ஆடம்ஸ் போன வழி வேறு. நெகட்டிவ் என்பது சங்கீதத்தில் ஸ்வரம் எழுதிய தாள் மாதிரி, பிரிண்ட் என்பது கச்சேரி மாதிரி என்பார் அந்தப் பழைய பியானோக்காரர். தியாகராஜர் கீர்த்தனையை எத்தனை பேர் எத்தனை விதமாகப் பாடுகிறார்கள், அப்படி வைத்துக்கொள்ளலாம். தன் நெகட்டிவ்களை அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், 1975இல் தானும் சேர்ந்து உருவாக்கிய புகைப்பட மையத்துக்குக் கொடுத்தார். எட்வர்ட் வெஸ்டனின் சேகரிப்பும் அங்கேதான் இருக்கிறது. பிரெட் செய்தது சரியா என்று பெரிய கேமராக்காரர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் அப்பாவுக்காக இருட்டறையில் நின்ற அந்த வருடங்களை நினைத்தால், கணப்பின் முன் நின்ற பிரெட்டைப் புரிந்துகொள்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கார்மலிலிருந்து தெற்கே சில நிமிடக் கார் பயணத்தில் பாயின்ட் லோபோஸ். கடல் சிங்கங்கள் பாறைகளில் படுத்துக் குரைப்பதைக் கேட்ட ஸ்பானியர்கள், கடல் ஓநாய் முனை என்று அர்த்தம் வரும்படி வைத்த பெயர். 1933 முதல் அரசின் பாதுகாப்பில் இருக்கும் இடம். மான்டரே சைப்ரஸ் மரம் உலகத்தில் இயற்கையாக வளரும் இடங்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று இது. காற்றடித்து, உப்பேறி, முறுக்கிப் பிழிந்தது போல நிற்கும் மரங்கள். வெஸ்டன் முதலில் மோகித்தது இவற்றின் வேர்களைத்தான். பிறகு பாறைகள், கடல்பாசி, செத்த பறவை, அலை இழுத்துப்போன மணல் கோடு. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 20 வருடம் திரும்பத் திரும்பப் போனார். வாழ்நாளின் கடைசிப் படமும் இங்கே எடுத்ததுதான்.

சைப்ரஸ் தோப்புக்கு ஒரு மைலுக்கும் குறைவான நடைதான். வயதானவர்களும் மெல்ல நடக்கலாம். காலையில் சீக்கிரம் போவது உத்தமம். கார் நிறுத்தும் இடம் நிரம்பிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கடல் பனி மூடியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். நிழலே விழாத அந்த மென்மையான வெளிச்சத்துக்காகத்தான் பெரிய கேமராக்காரர்கள் தவம் கிடக்கிறார்கள். கறுப்புத் துணிக்கு நாலு கிளிப் கொண்டுபோவது நல்லது. காற்று பிடுங்கிக்கொண்டு போகும். கூட ஓர் ஆள் வந்து துணியைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தெற்கு ஓரத்தில் சின்னதாக ஒரு கரை. அலை வற்றியிருக்கும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். கோணல் மாணலாகச் சாய்ந்த கல் அடுக்குகள், அவற்றின் இடுக்குகளில் தேங்கிய தண்ணீர், பல நிறக் கூழாங்கற்கள். வெஸ்டனின் அஸ்தியை மகன்கள் இங்கேதான் கரைத்தார்கள். பெப்ளி பீச் என்றிருந்த பெயர் பிறகு வெஸ்டன் பீச் ஆனது. வருகிறவர்கள் ஸ்டாண்டை விரித்து, அவர் நின்றிருக்கக்கூடிய இடம் எது என்று தேடுகிறார்கள். படம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துப்போக அனுமதி இல்லை.